கேமரா ஃபர்ம்வேர் அப்டேட்: கேபிளும் சரி, பேட்டரியும் சரி, கணினிதான் விட மாட்டேன் என்கிறது

சோனி ஏ7 மார்க் 3 மாதிரியான கேமராவை மேக்கில் செருகி ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) ஏற்றப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். அப்டேட்டரை டவுன்லோடு செய்தாயிற்று, திறந்தாயிற்று, பாஸ்வேர்டும் கொடுத்தாயிற்று. கேமரா திரையில் யூஎஸ்பி என்று வந்துவிட்டது. 'நெக்ஸ்ட்' அழுத்தினால், கேமராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி. அடுத்து கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், கேமராவை ரீசெட் செய்வார்கள். கடைசியில் "போர்டு போயிருக்கும் போல" என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அப்டேட்டை மறித்தது மேக்கின் செட்டிங்ஸில் இருக்கும் ஒரு 'அலவ்' பொத்தான். அது வந்து அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். அது அங்கே வருகிறது என்று தெரியாதவர்களுக்கு அந்த அரை மணி நேரம் கேபிள் தேடுவதிலேயே போய்விடும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணினியின் பாதுகாப்பு அப்டேட்டை மறிப்பது பெரும்பாலும் கேமராவுக்குள் ஒரு பைட்கூட எழுதப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எனவே "கேமரா கிடைக்கவில்லை", "திறக்க முடியவில்லை", "அனுமதி இல்லை" என்கிற செய்திகளைப் பார்த்து கேமரா செத்துவிட்டதோ என்று பதற வேண்டாம். அப்டேட்டரை மூடுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், கேமராவை அணைத்து பேட்டரியை ஒரு தடவை கழற்றிப் போடுங்கள். பழைய ஃபர்ம்வேரோடு கேமரா வழக்கம்போல எழுந்து நிற்கும். ஆபத்தான கட்டம் வேறு. முன்னேற்றப் பட்டை ஓட ஆரம்பித்த பிறகு கேபிளை இழுப்பது, பேட்டரி தீர்ந்துபோவது, கணினி தூங்கிப்போவது ஆகியவைதான் கேமராவைக் கெடுக்கும்.

யார் மறிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, உங்கள் கேமரா எந்த வழியில் அப்டேட் ஆகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கேனான், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், பானசோனிக் ஆகியவற்றில் வழக்கமான வழி மெமரி கார்டு. கோப்பைக் கார்டில் போட்டு, கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவிலிருந்தே ஏற்ற வேண்டும். சோனியின் பழைய மாடல்களில் யூஎஸ்பி கேபிள் வழியாக, கணினியில் ஓடும் அப்டேட்டர்தான் வேலை செய்யும். ஒலிம்பஸ், ஓஎம் சிஸ்டம் கேமராக்களில் ஓஎம் வொர்க்ஸ்பேஸ் என்கிற செயலி யூஎஸ்பியில் கேமராவோடு பேசிக்கொண்டே, ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கார்டு வழியில் கணினியின் வேலை ஒரு கோப்பை நகலெடுப்பதோடு முடிந்தது. மறிப்பதற்கு அங்கே அதிகம் இடமில்லை. மூன்றாவதில் ஃபயர்வாலும் தடுக்கலாம். அதிகத் தலைவலி தருவது இரண்டாவது வழி, அதிலும் மேக்கில்.

மேக்கில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

கேமரா மாஸ் ஸ்டோரேஜ் முறையில் இணையும்போது அது ஒரு பென் டிரைவ் மாதிரிதான் கணினிக்குத் தெரியும். கோப்பைப் படிக்க, எழுத அது போதும். ஃபர்ம்வேர் ஏற்ற, "உன் வெர்ஷன் என்ன, அப்டேட் நிலைக்குப் போ, இந்தத் தரவை வாங்கிக்கொள்" என்று தயாரிப்பாளருக்கே உரிய கட்டளைகளை அனுப்ப வேண்டும். பென் டிரைவாகத் தெரியும் ஒரு கருவிக்கு இப்படித் தன்னிஷ்டத்துக்குக் கட்டளை அனுப்ப, மேக்கில் சாதாரணச் செயலிக்கு அனுமதி கிடையாது. அதனால் சோனியின் அப்டேட்டர் கர்னல் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒரு துணுக்கைத் தற்காலிகமாக இயங்குதளத்தின் உள்ளுக்குள்ளேயே ஏற்றுகிறது. அப்டேட்டர் உங்கள் பாஸ்வேர்டு கேட்பதும், 'டிரைவர் லோடர்' என்று ஒரு பெயர் வந்து போவதும் இதற்காகத்தான்.

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் போன துணுக்குக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். அது பிழை செய்தால் மொத்தக் கணினியும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட், விண்டோஸ் கர்னலில் ஓடிய அதன் டிரைவர் வழியாக, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியதை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்காக இருந்த மென்பொருளே கர்னலில் இருந்தபடி இதைச் செய்தது. ஆப்பிள் 2017-இல் வந்த ஹை சியரா என்கிற மேக் இயங்குதளத்திலிருந்தே, கர்னலுக்குள் யார் நுழைந்தாலும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் கையால் அழுத்தி அனுமதிக்க வேண்டும் என்று வைத்துவிட்டது. எரிச்சலாக இருந்தாலும் நியாயமான ஏற்பாடு. எனவே இதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்காமல், அது கேட்கும் அனுமதியை அது கேட்கும் இடத்தில் கொடுப்பதே நல்லது.

இன்டெல் மேக்

ஹை சியரா முதல் மான்டரே வரை: 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்' திறந்து 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி', அதில் 'ஜெனரல்'. வென்ச்சுரா முதல்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', கீழே 'செக்யூரிட்டி' பகுதி வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே, இன்ன நிறுவனத்தின் சிஸ்டம் சாஃப்ட்வேர் ஏற்றப்படாமல் தடுக்கப்பட்டது என்று ஒரு வரியும் பக்கத்தில் 'அலவ்' பொத்தானும் இருக்கும். நிறுவனப் பெயர் கேமரா தயாரிப்பாளருடையதுதானா என்று வாசித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஏற்கெனவே வேறு மென்பொருள்களும் தடுக்கப்பட்டிருந்தால் பெயருக்குப் பதில் 'டீடெய்ல்ஸ்' என்று வரும். அதைத் திறந்து வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். பிக் சர் முதல் அனுமதித்த பிறகு ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். ரீஸ்டார்ட் ஆகாதவரை அந்தத் துணுக்கு கர்னலில் ஏறாது. அலவ் அழுத்தியும் "கேமரா கிடைக்கவில்லை" என்று வருகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரீஸ்டார்ட்டைத் தவறவிட்டவர்கள்.

அந்தப் பொத்தானே காணவில்லையா? அரை மணி தாண்டிவிட்டது என்று அர்த்தம். பிரிஃபரன்சஸ் ஜன்னலை முழுதாக மூடிவிட்டு, அப்டேட்டரை மறுபடி ஓட்டி, பாஸ்வேர்டு கொடுத்து, கேமராவைத் தேடும் கட்டம் வரை கொண்டுபோங்கள். அது தோற்றதும் பிரிஃபரன்சஸைத் திறந்தால் பொத்தான் திரும்ப வந்திருக்கும். இரண்டாம் தடவை எச்சரிக்கைப் பெட்டி எதுவும் மேலெழாது. பொத்தான் மட்டும் அங்கே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பெட்டி வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடி அரை மணி போய்விடும்.

பொத்தான் இருக்கிறது, எத்தனை தடவை அழுத்தினாலும் அசையவில்லை என்றால் காரணம் வேறு. தீய நிரல் எதுவும் மனிதன் போல நடித்து இதை அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, மென்பொருள் உருவாக்கும் சொடுக்குகளை மேக் இங்கே ஏற்பதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர், ஸ்கிரீன் ஷேரிங் வழியாகத் தூரத்திலிருந்து ஒருவர் உங்களுக்காக அழுத்தினால் வேலை செய்யாது. வரைபலகையின் பேனாவும், மவுஸ் அசைவை மாற்றும் துணைச் செயலிகளும் சில சமயம் இதில் அடிபடும். அந்தச் செயலிகளை நிறுத்திவிட்டு, லேப்டாப்பின் சொந்த டிராக்பேடில் விரல் வைத்து அழுத்துங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் கீபோர்டு செட்டிங்ஸில் 'கீபோர்டு நேவிகேஷன்' என்பதை இயக்கி, டேப் கீயால் 'அலவ்' வரை வந்து ஸ்பேஸ்பாரைத் தட்டலாம். நண்பருக்குத் தொலைவிலிருந்து உதவுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: "அந்த ஒரு கிளிக்கை மட்டும் நீங்களே அழுத்துங்கள்."

எம்1 மற்றும் அதற்குப் பின் வந்த சிப்கள்

2020 நவம்பர் முதல் வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் இன்னொரு படி கூடுதல். இவற்றில் இயல்பாக இருக்கும் 'ஃபுல் செக்யூரிட்டி' நிலையில் வெளியார் கர்னல் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஏறாது. முதலில் உங்கள் இயங்குதள வெர்ஷனுக்கும் சிப்புக்கும் உரிய அப்டேட்டரைத்தான் இறக்கியிருக்கிறீர்களா என்று சோனியின் ஆதரவுப் பக்கத்தில் பாருங்கள். மேக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அப்டேட்டர் கோப்புகள் இருப்பது உண்டு. சரியானதுதான் என்று உறுதியானால் இனி சொல்வதைச் செய்ய வேண்டும்.

கேமராவைக் கழற்றிவிடுங்கள். மேக்கை முழுதாக அணையுங்கள்; ரீஸ்டார்ட் போதாது. பவர் பொத்தானை அழுத்தியவுடன் விட்டுவிடாமல், திரையில் 'லோடிங் ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ்' என்று எழுத்து வரும்வரை அழுத்தியே பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் கையை எடுத்துவிட்டால் சாதாரணமாக பூட் ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 'ஆப்ஷன்ஸ்' தேர்ந்து 'கன்டினியூ', அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு. மேலே மெனு பட்டையில் 'யூட்டிலிட்டீஸ்', அதில் 'ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டி'. உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்து 'செக்யூரிட்டி பாலிசி'. ஃபைல்வால்ட் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் மேக் வசதி) பூட்டு இருந்தால் முதலில் அதைத் திறக்கச் சொல்லும். 'ரெடியூஸ்டு செக்யூரிட்டி' தேர்ந்து, அதன் கீழே இருக்கும் இரண்டு கட்டங்களில் முதலாவதை மட்டும் டிக் செய்யுங்கள்: அடையாளம் தெரிந்த தயாரிப்பாளர்களின் கர்னல் எக்ஸ்டென்ஷன்களைப் பயனர் நிர்வகிக்கலாம் என்பது அதன் பொருள். இரண்டாவது கட்டம் நிறுவன நிர்வாகத்துக்கு, நமக்கு வேண்டாம். ஓகே, பாஸ்வேர்டு, ரீஸ்டார்ட்.

மேக் எழுந்ததும் அப்டேட்டரை ஓட்டுங்கள், தோற்கவிடுங்கள். செட்டிங்ஸில் 'அலவ்' வரும், அழுத்துங்கள், மீண்டும் ரீஸ்டார்ட். மூன்றாம் தடவை அப்டேட்டரை ஓட்டும்போதுதான் கேமரா தெரியும். இரண்டு ரீஸ்டார்ட், மூன்று ஓட்டம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் நடுவில் சோர்ந்து விட்டுவிட மாட்டீர்கள். பாதுகாப்பை முழுதாகவே அணைத்துவிடு, சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷனை டெர்மினலில் நிறுத்திவிடு என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். தயவுசெய்து அவற்றைப் பின்பற்றாதீர்கள். கேமரா அப்டேட்டுக்கு அது தேவையே இல்லை. அணைத்தவர்களில் பலர் திரும்ப இயக்குவதும் இல்லை.

ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்களில் வென்ச்சுரா முதல் இன்னொரு சின்னத் தடையும் உண்டு. புதிய யூஎஸ்பி கருவி செருகினால் "இணைக்க அனுமதிக்கலாமா" என்று கேட்கும். கேமராவைச் செருகியபோது நீங்கள் அனுமதித்திருப்பீர்கள். ஆனால் அப்டேட் தொடங்கும்போது கேமரா தன்னை ரீசெட் செய்துகொண்டு, அப்டேட் நிலையில் வேறொரு கருவியாகக் கணினிக்கு மறுபடி அறிமுகமாகிறது. அப்போது அந்தக் கேள்வி இன்னொரு தடவை வரலாம். திரை பூட்டிக்கிடந்தாலோ, கேள்வி வேறு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ அப்டேட்டர் காத்திருந்து தோற்றுவிடும். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'அலவ் ஆக்சஸரீஸ் டு கனெக்ட்' என்பதை, பூட்டு திறந்திருக்கும்போது தானாக அனுமதிக்கும் நிலைக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்றி வையுங்கள். திரை தூங்காமல் இருக்கவும் செட்டிங் மாற்றுங்கள்.

இதே காரணத்தால்தான் பேரலல்ஸ் போன்ற விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் ஓட்டி அப்டேட் செய்யும் தந்திரம் பாதியில் கவிழ்கிறது. முதலில் விண்டோஸ் பக்கம் இணைந்திருந்த கேமரா, ரீசெட் ஆனதும் மேக் பக்கம் போய் நின்றுவிடும். அப்டேட்டர் அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கும். அப்டேட் நிலையில் கேமரா தொங்கி நிற்பதைவிட, தெரிந்தவர் ஒருவரின் நிஜ விண்டோஸ் லேப்டாப்பை ஒரு மணி நேரம் இரவல் வாங்குவது எவ்வளவோ மேல். பழைய சோனி மாடல்களுக்கு இதுதான் ஒரே வழியாகவும் இருக்கலாம். 2019-இல் வந்த கேட்டலினா 32-பிட் நிரல்களை அறவே கைவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட 32-பிட் அப்டேட்டருக்கு என்ன அனுமதி கொடுத்தாலும் அது புதிய மேக்கில் திறக்காது. அது அனுமதிச் சிக்கலே இல்லை, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேட்டலினாவோடு வந்த இன்னொன்று: செயலிகள் வெளி டிஸ்க்கைத் தொட அனுமதி கேட்பது. ஓஎம் வொர்க்ஸ்பேஸ் மாதிரியான செயலி முதன்முறை கேமராவையோ கார்டையோ தொடும்போது ஒரு பெட்டி வரும். அவசரத்தில் 'டோன்ட் அலவ்' அழுத்திவிட்டால் அது அப்படியே நினைவில் நின்றுவிடும், மறுபடி கேட்காது. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்', செயலியின் பெயர், அதன் கீழே 'ரிமூவபிள் வால்யூம்ஸ்' என்று போய் இயக்கிவிட்டு, செயலியை மூடித் திறங்கள்.

அப்டேட்டர் திறக்கவே மாட்டேன் என்றால் அது கேட்கீப்பர், அதாவது இணையத்திலிருந்து இறக்கிய செயலிகளைச் சோதிக்கும் மேக்கின் காவல். முன்பு கன்ட்ரோல் கீயோடு சொடுக்கி 'ஓப்பன்' கொடுத்தால் வழிவிடும். 2024-இல் வந்த சிகோயாவில் அந்தக் குறுக்குவழி எடுக்கப்பட்டுவிட்டது. திறக்க முயன்று தோற்றபின் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குப் போய் 'ஓப்பன் எனிவே' அழுத்த வேண்டும்.

விண்டோஸில்

சொந்த லேப்டாப் என்றால் விண்டோஸில் சிக்கல் குறைவு. முதல் தடை, அறிமுகமற்ற நிரல்களை மறிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி. அதில் 'டோன்ட் ரன்' மட்டும்தான் தெரியும். 'மோர் இன்ஃபோ' சொடுக்கினால் 'ரன் எனிவே' வரும். அதை அழுத்தும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கோப்பின் மேல் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. கேமரா நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறதா, 'டீடெய்ல்ஸ்' உள்ளே கையெழுத்து சரியானது என்று சொல்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாவலே இல்லாத கோப்பைத் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கியிருந்தால் ஒழிய ஓட்டாதீர்கள். தேடுபொறியில் கேமரா மாடலையும் ஃபர்ம்வேர் என்றும் தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் டிரைவர் விற்கும் விளம்பரத் தளங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் ஒரு நிரலை அங்கிருந்து இறக்குவது வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

அதே 'பிராப்பர்ட்டீஸ்' ஜன்னலில் 'ஜெனரல்' தாவலின் அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருந்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் முத்திரை குத்தியிருக்கிறது என்று பொருள். டிக் செய்து ஓகே கொடுங்கள். ஜிப் கோப்பாக இருந்தால் பிரிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும். பிறகு 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. நிக்கானுக்கு விண்டோஸில் இறங்குவது ஒரு எக்ஸ்இ கோப்பு என்பதால் பலர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது கேமராவைத் தொடுவதே இல்லை. தன்னைத்தானே பிரித்து உள்ளிருக்கும் .bin கோப்பை ஒரு ஃபோல்டரில் வைப்பது மட்டுமே அதன் வேலை. வேலைசெய்யும் ஏதோ ஒரு கணினியில் பிரித்து, அந்த .bin கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் 10-இன் 2017 இலையுதிர்கால வெளியீட்டில் வந்த 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ரேன்சம்வேரை (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரலை) தடுக்கும் நல்ல வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் எழுத முயலும் அறிமுகமற்ற நிரல் சத்தமில்லாமல் தோற்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' திறந்தால் எந்த நிரல் எங்கே தடுக்கப்பட்டது என்று நேரத்தோடு இருக்கும். ஈவென்ட் வியூவர் பார்க்கத் தெரிந்தவர்கள் டிஃபெண்டரின் 'ஆபரேஷனல்' பதிவில் 1123-ஆம் எண்ணைத் தேடலாம். வசதியை அணைக்காமல், 'அலவ் ஆன் ஆப்' வழியாக அந்த ஒரு நிரலை மட்டும் சேர்த்துவிடுங்கள். இன்னும் எளிது, அப்டேட்டரை சி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கிருந்து ஓட்டுவது.

பழைய டிரைவரை நிறுவும் மென்பொருள் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' மறிக்கலாம். விண்டோஸ் எஸ் மோடில் இருக்கும் லேப்டாப்பிலோ ஸ்டோருக்கு வெளியிலிருந்து எந்த எக்ஸ்இயும் ஓடாது. எஸ் மோடிலிருந்து வெளியேறினால் திரும்ப அதற்குள் போக முடியாது என்பதால், கேமராவுக்காக மட்டும் அதைச் செய்யாமல் வேறு கணினியைத் தேடுங்கள்.

அலுவலக லேப்டாப் தனி ரகம். அங்கே யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளையே குரூப் பாலிசியில் (நிறுவனம் தன் கணினிகளுக்கெல்லாம் போடும் விதிகளில்) மூடிவைத்திருப்பார்கள். அடையாளம் எளிது: கேமரா சார்ஜ் ஆகும், டிவைஸ் மேனேஜரிலும் ஏதோ ஒன்று தோன்றும், ஆனால் டிரைவ் எழுத்து வராது, வந்தாலும் 'ஆக்சஸ் டினைடு'. விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் சேவையின் 'ஸ்டார்ட்' மதிப்பு 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று இருந்தால் அது மூடப்பட்டிருக்கிறது. அதை நீங்களே 3 ஆக மாற்றுவது எப்படி என்று இணையத்தில் ஆயிரம் இடங்களில் இருக்கிறது. உங்கள் அட்மின் உரிமை அதற்கு இடம் கொடுத்தாலும் செய்யாதீர்கள். பாலிசி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது மாற்றியது அழிந்துவிடும், மாற்றிய தடயம் மட்டும் நிற்கும். ஐடி பிரிவிடம் கேளுங்கள், அல்லது வீட்டுக் கணினியில் செய்யுங்கள். நிறுவனம் நிர்வகிக்கும் மேக்குக்கும் இதுவே: 'அலவ்' பொத்தான் மங்கலாக இருந்தால் அந்த அனுமதி உங்கள் கையில் இல்லை.

அலுவலகக் கணினியில் கார்டு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சில இடங்களில், பிட்லாக்கர் (விண்டோஸின் என்கிரிப்ஷன்) பூட்டு இல்லாத வெளி டிஸ்க்கில் எழுதக் கூடாது என்று பாலிசி இருக்கும். கார்டைச் செருகியதும் "என்கிரிப்ட் செய்யட்டுமா" என்று கேட்கும். சரி என்றால் கார்டு பூட்டப்படும், கோப்பும் எழுதப்படும். ஆனால் கேமராவால் அந்தக் கார்டைப் படிக்கவே முடியாது. படம் இருக்கும் கார்டாக இருந்தால் இன்னும் சங்கடம். வேண்டாம் என்று சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள்.

கார்டு வழி இருந்தால் அதையே எடுங்கள்

சோனியிலும் ஏ1, ஏ7 மார்க் 4 போன்ற புதியவற்றில் கார்டு வழியே ஏற்றலாம். கோப்பின் பெயர் 'பாடிடேட்டா'. சிலவற்றுக்குக் கைபேசியிலிருக்கும் கிரியேட்டர்ஸ் ஆப்பே போதும். உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்தில் இரண்டு வழியும் இருந்தால் கார்டையே தேர்ந்தெடுங்கள். கர்னல் வேண்டாம், அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம்.

கார்டிலும் அனுமதிச் சிக்கல் இல்லாமலில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும். எஸ்டி கார்டின் இடது விளிம்பில் இருக்கும் குட்டிப் பூட்டு வழுக்கலாகிப் போயிருந்தால், கார்டு ரீடரில் தள்ளும்போதே அது கீழிறங்கி 'லாக்' ஆகிவிடும். கணினி "ரைட் புரொடெக்டட்" என்று சொல்லும். நகத்தால் மேலே தள்ளிவிட்டு, அது நகராதபடி மெதுவாகச் செருகுங்கள். கார்டைக் கணினியில் என்டிஎஃப்எஸ் என்கிற விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் மேக் அதை வாசிக்கும், எழுதாது; கேமராவோ ஏற்கவே ஏற்காது. எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். 32 ஜிபி கார்டு ஒன்றை இதற்கென்றே பையில் வைத்திருப்பது சௌகரியம்.

கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், கார்டைத் திறந்ததும் தெரியும் முதல் இடத்திலேயே வைக்க வேண்டும். கேனானின் ஜிப்பில் ஃபர்ம்வேர் கோப்போடு பிடிஎஃப் கையேடும் சேர்ந்தே வரும். ஜிப்பைப் பிரித்து, .FIR என்று முடியும் கோப்பை மட்டும் நகலெடுங்கள். கோப்பின் சரியான அளவைக் கையேட்டில் பைட் கணக்கில் கொடுத்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் இலக்கம் மாறினாலும் மறுபடி இறக்குங்கள். ஃபியூஜியில் பெயர் முக்கியம். நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட அந்தப் பெயரை மாற்றவே கூடாது. முதல் முயற்சியில் அனுமதி மறுக்கப்பட்டு இரண்டாவது தடவை இறக்கியவர்களுக்கு, பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 சேர்த்திருக்கும். கேமரா அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். நகலெடுத்ததும் 'இஜெக்ட்' கொடுக்காமல் கார்டை உருவினால் கோப்பு பாதியில் நிற்கும்.

கேனானில் மெனுவில் ஃபர்ம்வேர் வரியே காணவில்லை என்றால் மோட் டயலைப் பாருங்கள். முழு ஆட்டோவில் இருந்தால் P-க்கு (புரோகிராம்) மாற்றுங்கள். ஃபியூஜியில் DISP/BACK பொத்தானை அழுத்திக்கொண்டே கேமராவை இயக்க வேண்டும். பானசோனிக்கில் கேமராவை இயக்கிய பிறகு பிளேபேக் பொத்தானை அழுத்த வேண்டும்.

யூஎஸ்பி வழியில் போயே ஆக வேண்டும் என்றால் கேமரா பக்கத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோனியில் 'யூஎஸ்பி கனெக்ஷன்' என்பது 'மாஸ் ஸ்டோரேஜ்', 'யூஎஸ்பி எல்யூஎன் செட்டிங்' என்பது 'மல்டி'. மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கேமராவுக்குரிய ஒரிஜினல் பேட்டரி (ஏ7 மார்க் 3-க்கு என்பி-எஃப்இசட்100), குறைந்தது மூன்று கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். முழு சார்ஜ் நல்லது. ஹப் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள் வேண்டாம். கரண்ட் போகும் ஊர் என்றால் டெஸ்க்டாப்பை யூபிஎஸ் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள். பேட்டரி உள்ள லேப்டாப் பத்திரம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஃபர்ம்வேர் ஏற்றவே ஏற்றாதீர்கள், எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும்.

வேலை முடிந்து, கேமரா மெனுவில் 'வெர்ஷன்' பக்கத்தில் புதிய எண்ணைப் பார்த்த பிறகு, ஒரு படமும் பத்து வினாடி வீடியோவும் எடுத்துப் பாருங்கள். அடுத்து, கணினியில் திறந்துவிட்ட அனுமதிகள் ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கை அணைத்து, அதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, 'ஃபுல் செக்யூரிட்டி'க்கு மாற்றுங்கள். ஆக்சஸரி அனுமதியை 'ஆஸ்க்' நிலைக்குத் திருப்புங்கள். விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்திருந்தால் இயக்கி, 'அலவ் ஆன் ஆப்' பட்டியலிலிருந்து அப்டேட்டரை நீக்கி, டவுன்லோட்ஸில் கிடக்கும் கோப்பையும் அழித்துவிடுங்கள். திறந்த செட்டிங் ஒவ்வொன்றையும் திறக்கும்போதே ஒரு தாளில் குறித்துவைத்திருந்தால் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.